விட்டுப்போன கேள்வி

பிரபாகரின் மூளையில், கை எட்டாத ஆழத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மண்டையைத் திறந்த பிறகு நோயாளியை விழிக்கவைத்து, வீட்டு மனிதர் ஒருவர் கேள்வி கேட்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் முறை. பதில் சொல்லும்போது அந்த நினைவு இருக்கும் இடம் திரையில் எரியும்; கத்தி அதை விட்டு விலகிப் போகும். கேட்காத நினைவு கத்தியோடு போய்விடும்.

கேள்விகளைப் பிரபாகரே பொறுக்கி எழுதிக் கொடுத்திருந்தான். மனைவி சுகிர்தா வாசித்தாள். அம்மா பெயர், கல்லூரி நண்பர்கள், முதல் கார், கல்யாண நாள். எல்லாவற்றுக்கும் உற்சாகமாகப் பதில் சொன்னான்.

"அவ்வளவுதானேம்மா? மிச்ச இடத்து வழியா இறங்கலாமா?" என்றார் டாக்டர்.

சுகிர்தா தாளை ஒற்றைக் கையால் கசக்கினாள். அவளுடைய இடது முழங்கை மடங்காது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் பிரபாகர்.

"என் கையை எப்படி ஒடிச்சீங்க?"

"என்ன உளர்ற? நீதானே வழுக்கி விழுந்த?"

திரையில் ஓர் இடம் பளிச்சென்று எரிந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் இறங்க நினைச்ச வழியே அதுதான்மா. அதை விட்டா, கல்யாண நாள் வழியாத்தான் போகணும்."

"சுகி, வேண்டாம்" என்றான் பிரபாகர்.

"கல்யாணம் போனாப் போகட்டும் டாக்டர்" என்றாள். "இது அவருக்கு ஞாபகம் இருக்கணும்."