ஒன்பதாம் நாள் கூழ்

மகன் உண்ணாவிரதம் தொடங்கி ஒன்பதாம் நாள், இலட்சுமிப்பிள்ளை பெரிய பானை ஒன்றில், பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சினாள்.

மணம் புளியங்கூடல் ஊரில் பாதித் தூரம் போயிருக்கும். பக்கத்து வளவுச் சிவக்கொழுந்து வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

“பிள்ளை அங்க வெறுந்தண்ணியோட கிடக்கிறான். இஞ்ச நண்டுக்கூழோ? நல்ல தாய்!”

“தூதரகத்தில இருந்து வருகினம் அக்கா. அவைதான் காய்ச்சச் சொன்னவை.”

“எத்தினை பேர்?”

“ரெண்டு பேர்.”

“பானையைப் பாத்தால் இருவது பேருக்குக் காணும் போல கிடக்கு,” என்ற சிவக்கொழுந்து, வேலியால் ஒரு செம்பை நீட்டினாள்.

இலட்சுமிப்பிள்ளையின் இளைய மகன் லவன், படகேறிப் போய் நடுவழியில் பிடிபட்டவன். வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு துறைமுக நகரத்தில், அகதிகள் அலுவலகத்துக்கு முன்னால், தறப்பாளுக்குக் கீழே முப்பது பேரில் ஒருவனாகக் குந்தியிருக்கிறான். இன்றோடு இருநூற்றுப் பதினான்கு நாள். தங்களை ஏற்கும்படி அவர்கள் கேட்கும் நாட்டில் கோப்பு அசையவில்லை. அது அசையும்வரை சாப்பாடு இல்லை என்று கடைசியில் அறிவித்தார்கள். அவர்களின் பேச்சாளர் லவன்தான்.

மூன்று நாளைக்கு முன், அந்த நாட்டின் கொழும்புத் தூதரகத்திலிருந்து மயூரநாதன் என்ற அலுவலர் தொலைபேசி எடுத்தார்.

“அம்மா, உங்கட மகனுக்கு ஒடியற்கூழ் எண்டால் உயிராமே. காய்ச்சி வையுங்கோ. எங்கட பெரியவரோட வாறன். வீடியோவில காட்டி, ‘சாப்பிடு ராசா’ எண்டு நீங்கள் சொல்லவேணும்.”

இலட்சுமிப்பிள்ளை தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு, “ஓம் ஐயா. வெள்ளிக்கிழமை மட்டும் வராதேயுங்கோ, மீன் மச்சம் காய்ச்ச ஏலாது,” என்றாள்.

“அப்ப வியாழன் வாறம். நண்டு கூடப் போடுங்கோ.”

வியாழன் பதினொரு மணிக்கு வாகனம் வந்து நின்றது. தூதரகத்தின் இரண்டாம் செயலாளர், வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரர், கதிரையில் அமர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மயூரநாதன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

தகப்பன் சரவணமுத்து நேரே விசயத்துக்கு வந்தார். “அவன் சாப்பிட்டால் என்ன நடக்கும்?”

“போராட்டம் முடிஞ்சுது எண்டு எழுதுவினம். முப்பது பேரையும் ஊருக்குத் திருப்பி அனுப்புவினம்.”

“இவன்ர தமையனையும் ஆமிக்காரர் ஒரு சின்ன விசாரணை எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவை. பதினேழு வருசம். விசாரணை இன்னும் முடியேல்லை.”

மயூரநாதன் அதையும் மொழிபெயர்த்தார். செயலாளர் தலையை ஆட்டினார். எழுதவில்லை.

“சரி, சாப்பிடாட்டில்?”

“குடும்பம் சொல்லியும் கேக்கேல்லை எண்டு இவர் எழுதவேணும். அதுக்குப் பிறகுதான் கோப்பு குடியேற்ற மேசைக்குப் போகும். அதுதான் விதி.”

அழைப்பு எடுத்தார்கள். திரையில் லவன் பாயில் சரிந்து கிடந்தான். தாடி, வெடித்த உதடு. பின்னால் ஏழெட்டுத் தலைகள்.

இலட்சுமிப்பிள்ளை பனையோலைப் பிளாவில் கூழை வார்த்து, தொலைபேசிக்கு முன்னால் பிடித்தாள். நண்டுக்கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“சாப்பிடு ராசா. உனக்கெண்டுதான் காய்ச்சினனான்.”

லவன் நண்டுக்காலைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். அவன் தோள்கள் குலுங்கின. வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

“இதை மட்டும் என்னால ஏலாது அம்மா.”

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “அன்ரி, என்ன மீன் போட்டனீங்கள்?” யாரோ அந்தத் தலையில் ஒன்று போட்டார்கள்.

மரியாதைக்காகச் செயலாளரும் ஒரு பிளா வாங்கிக் குடித்தார். மிளகாய் இறங்கியது. இரண்டு கண்ணாலும் பொலபொலவென்று ஒழுகியது.

“அம்மா, அவர் ஏன் அழுறார்?” என்று லவன் கேட்டான்.

“உறைப்பு ராசா.”

“என்ன சொல்கிறான்?” என்று செயலாளர் மூக்கை உறிஞ்சியபடி மயூரநாதனைக் கேட்டார்.

“உங்களின் இரக்கம் தன்னைத் தொட்டுவிட்டது என்கிறான்.”

செயலாளர் கண்ணைத் துடைத்துவிட்டு எழுதினார்: ‘தாய் மன்றாடினார். மிகப் பிடித்த உணவைக் காட்டியும் மறுத்துவிட்டான். இனி முயல்வதில் பலனில்லை. குடியேற்றப் பிரிவுக்கு அனுப்பலாம்.’

மயூரநாதன் அதற்குள் மூன்றாவது பிளாவை முடித்திருந்தார்.

செயலாளர் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். படலையடியில் மயூரநாதன் குனிந்து சப்பாத்தைப் போட்டார். இலட்சுமிப்பிள்ளை பின்னாலேயே வந்தாள்.

“ஐயா, கோப்பு எப்ப போகும்?”

“இண்டைக்குப் பின்னேரமே அனுப்பிவிடுவன். அங்க இருக்கிற பிள்ளையளுக்கும் அறிவிப்பினம். அறிவிச்ச உடனே கஞ்சித் தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ. கொஞ்சம் கொஞ்சமா. ஒரேயடியாச் சாப்பிடக்கூடாது.”

அதைக் கேட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, நான் உங்களை ஏமாத்திப்போட்டன். அவன் கூழ் வாயில வையான். சின்னனில ஒருக்கா நண்டு திண்டு, முகமெல்லாம் வீங்கி, ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில மூண்டு நாள் கிடந்தவன். நீங்கள் பிழையா ஆரிட்டையோ கேட்டிருக்கிறியள். தெரிஞ்சும் நான் வாய் திறக்கேல்லை.”

மயூரநாதன் நாடாவை இறுக்கிக் கட்டி நிமிர்ந்தார். வாகனத்தை ஒருமுறை பார்த்தார்.

“உங்கட மகன் தமிழில நிரப்பின படிவத்தை மொழிபெயர்த்தது நான்தான் அம்மா. ‘ஒத்துவராத சாப்பாடு’ எண்ட இடத்தில அவரே எழுதியிருக்கிறார். அதாலதான் நண்டு கூடப் போடச் சொன்னனான்.”