மாடு மிதிக்காத தரை

வெளியே பந்தலில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. உள்ளே புது வீட்டு ஹாலில் ரம்யா மண்டி போட்டு உட்கார்ந்து, தரைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கிரகப்பிரவேசத்துப் பட்டுப்புடவையோடு எந்த மருமகளாவது தரையைத் தேய்ப்பாளா?

தேய்க்காமல் என்ன செய்வது? பூஜை முடிந்து, விளக்கைக் குளிர வைத்து, ஓரமாக எடுத்து வைக்கப் போனாள். எண்ணெய்க் கை. வழுக்கிவிட்டது. குத்துவிளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. தேக்குப் பலகையில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம்.

டைல்ஸ் போடாமல் பலகைத் தரை போட்டது கள்ளக்குறிச்சியில் அந்தத் தெருவிலேயே இவர்கள்தான். ஆனால் ரம்யாவின் பயம் பலகைக்காக இல்லை. புது வீட்டில் முதல் நாளே விளக்கு விழுந்தது தெரிந்தால் மாமியார் பெரியநாயகி சும்மா விடுவாளா? குங்குமச் சிமிழ் கை தவறியதற்கே வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் ஆயிற்றே.

போதாக்குறைக்கு விடியற்காலையில் மாட்டுத் தகராறு வேறு. பால்காரி காசியம்மாள் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்தபோது, குளம்பு பட்டால் பலகை பள்ளமாகிவிடும் என்று கணவன் சுபாஷின் காதைக் கடித்தது ரம்யாதான். அவனும் மாட்டை உள்ளே விடாமல், வாசற்படியிலேயே பூஜை போட்டு, அகத்திக்கீரை கொடுத்து அனுப்பிவிட்டான்.

"மாடு மிதிக்காத வூடும் ஒரு வூடா? லட்சுமிய வுட பலகை ஒசத்தியா பூடுச்சா உங்களுக்கு?"

பெரியநாயகி அப்போது ஆரம்பித்த பொருமல் இன்னும் ஓயவில்லை. மாட்டிடமிருந்து காப்பாற்றிய தரையில் ரம்யாவே பள்ளம் போட்டாயிற்று. இது தெரிந்தால் கிழவிக்கு இரட்டைக் கொண்டாட்டம்.

செல்போனில் தேடியதில் ஒரு வழி கிடைத்தது. வார்னிஷ் அடிக்காத மரமாக இருந்தால், ஈரத்துணியை மடித்துப் பள்ளத்தின் மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டுமாம். ஆவி இறங்கி, நசுங்கிய மரம் உப்பி மேலே வந்துவிடுமாம். நல்லவேளை, வார்னிஷ் இன்னும் பாக்கி.

வைத்தாள். புஸ்ஸென்றது. எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் மேலே வந்த மாதிரி இருந்தது. விரலால் தடவினாள். எங்கே வந்தது? அப்படியேதான் இருந்தது.

திரும்ப நனைத்து, திரும்ப வைத்தாள். வெளியே சுபாஷ் மோர் வாளி எங்கே என்று கத்தினான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கால் கட்டைவிரல் விண் விண்ணென்று தெறித்தது; நொண்டினாள். குனிந்து பார்க்க ஏது நேரம்? பந்தலில் நின்ற மாமியார் வேறு ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மோப்பம் பிடித்துவிட்டாளோ?

பாதிப் பள்ளம் மேலே வந்திருந்தது. இன்னும் ஒரு தடவை வைத்தால் போதும்.

"இன்னா இது, ஹாலுல ஆவி பறக்குது?"

மாமியார் இல்லை. அதைவிடப் பெரிய கண்டம். மாமியாரின் நாத்தனார் பெரியம்மாள், மணலூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் சுபாஷ் வண்டியிலிருந்து விழுந்ததற்கு, 'வந்தவ ராசி அப்படி' என்று சொந்தம் முழுக்கத் தண்டோரா போட்டவள். அவள் பின்னாலேயே மாமியாரும் நின்றாள்.

பெரியம்மாளின் வெறுங்கால் நேராகப் பள்ளத்தில் பட்டு விலகியது. கண், ஓரத்தில் இருந்த குத்துவிளக்குக்குப் போனது.

"நல்ல நாளும் அதுவுமா வெளக்கு கிளக்கு வுழுந்துச்சா, நாயகி?"

இனி இந்த வீட்டில் ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாலும் அதற்கு ரம்யாதான் காரணம்.

பெரியநாயகி பள்ளத்தைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"வெளக்கா? மாடு மிதிச்சது அண்ணி. காலையில ஹால் பூரா சுத்திக்கினு போச்சு. லட்சுமி கால் பட்ட எடத்த இந்தப் பைத்தியம் இஸ்திரி போட்டு அழிக்கப் பாக்குது."

சொன்னதோடு நிற்காமல் குங்குமத்தை எடுத்துப் பள்ளத்தில் ஒரு பொட்டும் வைத்தாள்.

பெரியம்மாள் பயபக்தியோடு குனிந்து அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொடுத்து வைத்த வீடு என்று வாயார வாழ்த்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.

ரம்யா குரலைத் தாழ்த்தினாள். "அத்தை, மாடுதான் வாசப்படியே தாண்டலயே..."

"அதுக்குத்தானே காலையிலேர்ந்து கத்திக்கினு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

பெரியநாயகி மருமகளின் கையிலிருந்த ஈரத்துணியைப் பிடுங்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"தரைக்கு ஒத்தடம் குடுத்தது போதும். வெளக்கு வுழுந்த கால காட்டு."