பாலத்துப் பூதம்

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் முதல் ஊரைத் தாண்டினால் ஒரு பாலம், பாலத்தில் ஒரு பூதம். ஞானசிகாமணி அவசரப்படவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க ஊருக்குள்ளேயே சுற்றிக் காளான் பறித்து மருந்து காய்ச்சினார், எலி அடித்துப் பலம் ஏற்றினார். எலிகள் தீர்ந்துபோய் ஊர்ப் பூனைகள் பட்டினி கிடந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய சகலை தவசீலனோ, அதே விளையாட்டுக்குள் நுழைந்த அன்றே கையில் கிடைத்த விறகுக்கட்டையோடு பாலத்துக்கு ஓடினான். செத்தான். மறுபடி ஓடினான். “இன்னைக்கும் கொன்னுடுச்சு சகல,” என்று போனில் விழுந்து விழுந்து சிரிப்பான். செத்தவனுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று ஞானசிகாமணிக்கு வயிறு எரியும்.

கடைசியில் தலைமுதல் கால்வரை இரும்பு பூட்டி, ஆளுயர வாளோடு அவர் பாலத்தில் ஏறினார். பூதம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதாயுதத்தைக் கீழே வைத்தது.

“போங்க சார்.”

“சண்டை?”

“உங்கள அடிச்சா என் கைதான் வலிக்கும். போங்க.”

அவர் நகரவில்லை. பூதம் அவர் தோளுக்கு மேலாக ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

“தவசீலன இன்னும் காணல. நேத்து முட்டியில ஒண்ணு போட்டான் பாருங்க, இன்னும் நொண்டுறேன்,” என்றது பெருமையாக.

ஞானசிகாமணி தலைக்கவசத்தைக் கழற்றினார். மார்புக்கவசத்தையும் கழற்றினார். வாளை ஆற்றில் எறிந்துவிட்டு, கரையில் ஒரு விறகுக்கட்டையைத் தேடி எடுத்துவந்து எதிரே நின்றார்.

“கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்,” என்றது பூதம். “அவன் வர்ற நேரம்.”