பதினோராவது வரி

அஸெனோர் பத்தாவது வரியைத் தொடங்கியபோது நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம். ஊர் மண்டபத்தில் முந்நூறு பேர் சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் அவளும் மாலோவும். இருபத்தைந்து வயதுகூட இருக்காது இருவருக்கும்.

அவள் ஒரு வரி பாடுவாள். அதன் கடைசி அசைகளில் அவன் வந்து சேர்ந்துகொண்டு, அதே வரியைத் திருப்பிப் பாடுவான். நடுவில் மயிரிழை இடைவெளி விழக்கூடாது. விழுந்தால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். பிரான்சின் மேற்கு மூலையில் நாங்கள் பேசும் பிரெத்தோன் மொழியில் ஆட்டத்துக்குப் பாடுவது இப்படித்தான்.

சந்தைக்குப் போன பெண்ணைத் தையற்காரன் ஒருவன் மயக்கப் பார்க்கிறான். பத்து வரிவரைக்கும் பாட்டில் அவ்வளவுதான் விஷயம்.

பதினோராவது வரி வந்தது.

'மூச்சு நிக்குது எனக்கு, முடிச்சுடு என் ராசா.'

மாலோ அதைப் பிடித்துத் திருப்பிப் பாடினான். முந்நூறு பேரும் அதற்கும் கால் மாற்றி ஆடினார்கள்.

அது பாட்டில் உள்ள வரி இல்லை. என் மனைவி மாரிவோன் சொன்னது.

எழுபத்தாறாம் வருஷம், ஒரு கல்யாண விருந்து. ரென் நகரத்திலிருந்து ஒரு மாணவன் ஒலிநாடாக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். பிரெத்தோனில் தண்ணீர் கேட்கக்கூட அவனுக்குத் தெரியாது. ஆனாலும் எங்கள் பாட்டையெல்லாம் காப்பாற்றப் போவதாகச் சொன்னான். சிரித்துக்கொண்டோம்.

ஆட்டம் நடக்கும்போது பாடுகிறவர்கள் நிறுத்தமாட்டார்கள். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மெட்டிலேயே போட்டுச் சொல்வார்கள். ஆப்பிள் சைடர் ஊற்று என்பார்கள். மாப்பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருக்கிறது என்பார்கள். ஜோடியும் அதைத் திருப்பிப் பாடும், கூட்டம் சிரிக்கும். மாரிவோன் அதில் பெரிய வாயாடி.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் இதயத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. அன்றைக்கு முடியவில்லை என்பதையும் அவள் மெட்டில் போட்டுத்தான் சொன்னாள். ஜோடியாக நின்றவன் அதையும் பிசகாமல் திருப்பிப் பாடிவிட்டு, அடுத்த வரிக்காக அவள் வாயைப் பார்த்தான்.

அவள் இன்னும் ஏழு வரி பாடினாள். ஆட்டம் ஒழுங்காக முடிந்தது.

விருந்து மேசையிலிருந்து தட்டுகளை எடுப்பதற்குள் போய்விட்டாள். இருபத்தெட்டு வயது.

அந்த நாடா ஏதோ ஓர் ஆவணக் காப்பகத்தில் கிடந்து, இப்போது இணையத்துக்கு வந்திருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியில் இந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பழகிப் பாடுவதைப் போட்டுக் காட்டினாள். நல்ல பாட்டு, கேளுங்கள் என்றாள். கேட்டேன். அதிலிருந்து தூக்கம் இல்லை.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அஸெனோரே என்னிடம் வந்தாள். முன்வரிசையில் ஆடாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான். அவள் பேசியது பள்ளிக்கூடத்துப் பிரெத்தோன், புதுச் செருப்பைப் போலக் கொஞ்சம் கடித்தது. இருந்தாலும் பேசினாள். என் மகள் பேசமாட்டாள். அவளுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை.

கையில் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருந்தாள். பாட்டை அச்சடித்து, கீழே விளக்கமும் எழுதியிருந்தார்கள். பதினோராவது வரி, காதலில் மூச்சடைத்துப் போன பெண்ணின் சொல்லாம். வேறெந்த ஊரிலும் கிடைக்காத அபூர்வ வரியாம். பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதைப் பாடுகிறார்களாம்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

ஒன்று தோன்றியது. மற்ற வரிகளெல்லாம் ஊருக்குச் சொந்தம், யார் வேண்டுமானாலும் பாடலாம். இந்த ஒன்றுதான் மாரிவோனுடையது. இதையும் எடுத்துவிட்டால் இந்த உலகத்தில் அவள் சொன்னதென்று எதுவும் மிஞ்சாது. வைத்துவிட்டால் காலம் முழுக்க அவள் மூச்சு முட்டிக்கொண்டிருப்பாள், இவர்கள் அதற்கு ஆடிக்கொண்டிருப்பார்கள்.

வாயை மூடிக்கொண்டேன். என்னைவிடக் கேடுகெட்டவன் அந்த மண்டபத்தில் இருந்திருக்க முடியாது.

அஸெனோருக்கு அது எதுவும் தெரியவில்லை. நாடாவின் உறையில் பெயர்கள் இல்லை என்று வருத்தப்பட்டாள். அந்தப் பெண் குரலில் பதினோராவது வரியில் ஒரு நடுக்கம் இருக்கிறது, அதைக் கொண்டுவர ஓர் ஆண்டு பழகினேன் என்றாள். ஆனால் உண்மையான அதிசயம் அந்த ஆண் குரல்தானாம். அவள் அப்படித் தடுமாறியும் அவன் ஒரு நூலளவுகூடத் தவறவில்லை. மாலோவுக்கு இன்னும் அது வசப்படவில்லையாம்.

"அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மாலோவைக் கூப்பிட்டாள். அவன் ஓடி வந்தான். அந்த இடத்தை எப்படிப் பிடித்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்று இரண்டு பேரும் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள்.

"அவ என்ன சொன்னான்னு நான் கேக்கலம்மா," என்றேன். "கடைசி அசைய மட்டுந்தான் கேட்டேன்."

அஸெனோர் தலையாட்டியபடி கைப்பேசியை எடுத்து, ஒரு சொல் விடாமல் அதைக் குறித்துக்கொண்டாள். மாலோ மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு இருவரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு மேடையேறினார்கள்.