சாமான் லிஃப்ட்

லாரி நிறுத்த இடமும் சாமான் லிஃப்டும் சனிக்கிழமை பத்து மணிக்கு வேண்டுமென்று அவள் மூன்று வாரம் முன்பே அடுக்கக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். கணவர் இரண்டு நாளாகப் புது வீட்டில்தான் இருக்கிறார். பழைய வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு லாரியோடு வந்து இறங்கினாள்.

"லிஃப்ட் ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதாம்மா," என்றார் காவலாளி. "நேத்தே இறக்கிட்டீங்களே!"

"நானா? நேத்து பூரா அங்க மூட்டை கட்டிட்டிருந்தேன், அண்ணே."

"சரியாப் போச்சு! பீரோவை இடிச்சுட்டேன்னு அந்த வாங்கு வாங்கினீங்க. நீங்க வந்து நின்னதும் சார்தான் போன் பண்ணி தேதியை மாத்தினாரு."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் கையெழுத்துதான். வண்டி எண்ணும் இதே லாரியுடையது. லாரிக்காரர் பின்கதவைத் திறந்து பார்த்தார். பீரோ உள்ளே இருந்தது.

அவள் இன்டர்காமில் ஏழாம் மாடியை அழைத்தாள்.

"என்னங்க, கீழே நிக்கிறேன்."

"தெரியும். பால்கனியிலேர்ந்து பாத்தேன்."

"மேல யாரு இருக்கா?"

அவர் ஏதோ கதவை மெல்லச் சாத்துவது கேட்டது.

"அது நான் இல்லேன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"கேட்டுல வந்து நின்ன உடனே தெரிஞ்சுது," என்றார் மெதுவாக. "முப்பது வருஷம் ஆச்சே, தெரியாமலா?"

"அப்புறம்?"

"அவ மேல வரட்டும்னுதான் தேதியை மாத்தினேன்."

அவருக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரலே கேட்டது.

"யாருங்க அது?"

"யாரோம்மா. நம்பர் மாத்தி அழுத்திட்டாங்க," என்று அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார்.