மங்கலான புள்ளி

"இன்னும் கம்மி வெளிச்சமா?" ஷென்ஜென் சந்தையில் லேசர் பாகங்கள் விற்கும் மெய்ஷியா சிரித்தாள். "எல்லாரும் லேசர் பட்டாலே பலூன் வெடிக்கிற அளவுக்குக் கரண்ட் குடுக்கிற டிரைவர் போர்டுதான் கேப்பாங்க, அழகா!"

"கண்ணு கூசக்கூடாதுக்கா."

வாங்க வந்த யான்பிங், அவள் கொடுத்த போர்டில் லேசரை உடனே இணைக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சாதாரண டயோடுகளை மாட்டி மின்னோட்டத்தை அளந்தான். மின்னோட்டம் கூடிப்போய் ஏற்கெனவே ஒரு லேசர் கருகியிருந்தது.

"யாருக்கு இவ்ளோ பத்திரம்? பொண்டாட்டிக்கா?"

"அவ பூனைக்கு. சுவத்துல புள்ளியை ஓடவிட்டாத்தான் சாப்பிடும்."

"நல்லாத்தான் செல்லம் குடுத்துவச்சிருக்கா!"

அவன் தலையாட்டினான்.

வீட்டுச் சுவரில் சிவப்புப் புள்ளி ஓடியதும், பூனை துள்ளி எழுந்தது. ஆனால் புள்ளியைத் துரத்தவில்லை. ஓடிவந்து, லேசர் பிடித்திருந்த அவன் கையை முகர்ந்தது.

பிறகு, அவள் இறந்ததிலிருந்து படுத்துக்கிடக்கும் வாசற்கதவடிக்கே திரும்பிப் போனது.