பன்னிரண்டாம் காம்பரா

மண்சரிவில் புதைந்த தேயிலைத் தோட்ட லயத்தை மதுரன் கணினி விளையாட்டில் அப்படியே கட்டியிருந்தான். வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஓர் அறை வீடு. விளையாட்டில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்களான மொட்களில், மின்சாரம் தரும் இரண்டில் எது நல்லது என்று பார்க்க, முதலில் நீர்ச்சக்கர மொட்டைப் போட்டுப் பதினொரு காம்பராக்களுக்கு விளக்கு இழுத்தான். இன்னும் கண்டெடுக்கப்படாத தங்கை லோஜினி இருந்த பன்னிரண்டாம் காம்பராவுக்கு இழுக்க மனம் வரவில்லை. மீட்டரோ பன்னிரண்டு விளக்குகள் எரிவதாகக் காட்டியது. நீராவி மொட்டிலும் பன்னிரண்டுதான். எல்லாக் கம்பிகளையும் கழற்றினான். மீட்டரில் ஒன்று மிஞ்சியது.

அம்மா வீரம்மா திரையையே பார்த்தாள். "தேடுறத அவுங்க நிப்பாட்டிட்டாங்க. நீயும் கைவிட்டுறாதப்பா."

அவன் இரண்டு மொட்களின் மின்சாரத்தையும் லோஜினியின் காம்பராவுக்கே திருப்பினான். மீட்டரில் அந்த ஒன்று முக்காலானது, மறுநாள் அரையானது. வெள்ளிக்கிழமை, சக்கரமும் கொதிகலனும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பூச்சியமானது.